எஞ்சின் கேஸ்கெட் பழுதானால் வீட்டிலேயே தற்காலிகமாகச் சரிசெய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: எஞ்சின் கேஸ்கெட் சேதமாகிக் கசிகிறது, புதியது கைக்கு வரச் சில நாட்கள் ஆகும், அதுவரை வண்டியை ஓட்டும் அளவுக்கு வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ள முடியுமா?

பல கேஸ்கெட்களுக்கு முடியும். ஆனால் ஒரே எஞ்சினில் பத்துக்கும் மேற்பட்ட கேஸ்கெட்கள் இருக்கின்றன; மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் பேக்கிங் என்ற ஒரே பெயரில் சொன்னாலும் ஒவ்வொன்றும் தாங்கும் சுமை வேறு. சிலவற்றை ஒரு டியூப் சிலிகான் பேஸ்ட்டைக் கொண்டு மாதக்கணக்கில் தாங்கும்படி அடைத்துவிடலாம். சிலவற்றில் கைவைக்கவே கூடாது. சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது ஹெட் கேஸ்கெட்; அதற்குச் செய்வதை வைத்தியம் என்றுகூடச் சொல்ல முடியாது. மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்வரை நேரம் வாங்கித் தரும் ஏற்பாடு, அவ்வளவுதான். ஆகவே பேஸ்ட் டியூபின் மூடியைத் திறக்கும் முன், கசிவது எது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் செய்யும் கேஸ்கெட் வேலைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன.

கேஸ்கெட்டின் வேலை எளிமையானது. இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் மிஞ்சும். போல்ட்களை இறுக்கும்போது நடுவில் உள்ள மென்மையான பொருள் நசுங்கி அவற்றை நிரப்பிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். எஞ்சினின் உச்சியில் வால்வு பாகங்களை மூடும் டாப்பெட் கவருக்குள் தெறிக்கும் சூடான ஆயில் இருக்கிறது, அழுத்தம் ஏறக்குறைய இல்லை. எஞ்சினின் அடியில் உள்ள தொட்டியான ஆயில் சம்ப்பில் ஆயில் சும்மா தேங்கி நிற்கிறது. தெர்மோஸ்டாட் கூட்டிலும் வாட்டர் பம்ப்பிலும் சுமார் 1 பார் அழுத்தத்தில், 90 முதல் 100 டிகிரி செல்சியஸில் கூலன்ட் ஓடுகிறது. இவை எல்லாம் சிலிகான் பேஸ்ட் தாங்கக்கூடிய இடங்கள். ஹெட் கேஸ்கெட்டின் நிலை அப்படியல்ல. பெட்ரோல் எஞ்சினில் எரியும் வாயுவின் அழுத்தம் 50 பார் அளவுக்கு எழும். டீசலில் 100 பாரைத் தாண்டும். சுவாலையின் வெப்பம் 2000 டிகிரிக்கு மேல் போகும். அதே தகட்டில் சிறிது தள்ளி கூலன்ட் வழியும் ஆயில் வழியும் இருக்கின்றன. போதாததற்கு, அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஹெட் அலுமினியமாகவும் பிளாக் இரும்பாகவும் இருந்தால், ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ஹெட் அந்தக் கேஸ்கெட்டின் மேல் நுண்ணிய அளவில் உரசி நகர்கிறது. சிலிகான் பேஸ்ட்டின் தாங்குதிறன் ரகத்தைப் பொறுத்து 250 முதல் 350 டிகிரி வரைதான். அதை ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் தடவி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க முதலில் எஞ்சினைக் கழுவ வேண்டும். ஆயில் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே சம்ப்பின் பின்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்துச் சம்ப் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவுகட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, உண்மையில் மேலே டாப்பெட் கவரிலிருந்து வழிந்திருக்கும். ஆறிய எஞ்சினில் டிகிரீசர் தெளித்துத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்டு, சந்தேகமான இணைப்புகளின் ஓரத்தில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் பவுடர் எங்கே நனைந்திருக்கிறதோ அதுதான் இடம். எப்போதும் ஈரத்தின் மேல் எல்லையைத் தேடுங்கள், கீழ் எல்லை எதையும் சொல்லாது.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதை வெளியேற்றும் பிரீதர் குழாயோ பி.சி.வி. வால்வோ அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல கேஸ்கெட்டைக்கூடத் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள். பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில் காகிதம் லேசாக உள்ளே இழுக்கப்படும் அல்லது அசையாமல் இருக்கும். புஸ்ஸென்று வெளியே தள்ளினால் குழாயையும் வால்வையும் சுத்தம் செய்யுங்கள். அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை பேஸ்ட் தடவினாலும் மறுபடி கசியத்தான் செய்யும்.

வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போகிறதா? சைலன்சரிலிருந்து வரும் வெண்புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாசனையோடு வருகிறதா? ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாய், எஞ்சின் ஆறியிருந்து இப்போதுதான் கிளப்பிய நிலையிலும் ஓரிரு நிமிடத்திலேயே கல்லாக இறுகுகிறதா? கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழிகள் வருகின்றனவா? இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் வெளிறிய கிரீம்போல் படிந்திருப்பதை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில், முக்கியமாகக் குளிர்காலத்தில், நீராவி படிந்து அப்படி ஆவது உண்டு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலும் பால்போலக் கலங்கியிருந்தால்தான் அது கெட்ட செய்தி. உறுதிசெய்ய, கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் கிடைக்கிறது. எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால், பெட்ரோல் எஞ்சினில் அது மஞ்சளாக மாறும். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இருந்தால், அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைந்த அளவைக் காட்டுவதும் தெளிவான அடையாளம்.

இனி அதிகமாக நேரும் பழுதுக்கு வருகிறேன்: டாப்பெட் கவர் கேஸ்கெட். வீட்டில் நிம்மதியாகச் செய்யக்கூடிய வேலை இது.

கழற்றும் முன் போல்ட்களைச் சரிபாருங்கள். கார்க் கேஸ்கெட் காலப்போக்கில் சுருங்கும், போல்ட்கள் தளரும். அந்த அளவான இறுக்கத்தைத் திரும்பக் கொடுத்தாலே சில கசிவுகள் நின்றுவிடும். இங்கே உள்ள சிறிய 6 மி.மீ. போல்ட்களுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்குதான் தேவை. உங்கள் எஞ்சினுக்குரிய அளவைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். கசிவு நிற்கும்வரை இறுக்கிக்கொண்டே போவது மிகக் கெட்ட பழக்கம். தகட்டுக் கவராக இருந்தால் போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்களுக்கு நடுவில் வளைந்து மேலே தூக்கிக்கொள்ளும். அதன் பிறகு புதிய கேஸ்கெட் போட்டாலும் கசியும். அலுமினிய ஹெட்டாக இருந்தால் மரையே பிய்ந்து வரும். பல புதிய எஞ்சின்களில் போல்ட்டில் ஒரு தோள் இருக்கும். அது உலோகத்தில் முட்டியதும் அதற்குமேல் கவரை அழுத்தாது. அப்படிப்பட்டவற்றில் இறுக்கம் கூட்டியும் பயனில்லை, கேஸ்கெட்டின் உயரத்தைத்தான் மீட்டுக் கொடுக்க வேண்டும்.

கழற்றுவதென்றால் எஞ்சின் முழுதும் ஆறியிருக்கட்டும், பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிடுங்கள். கவரைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறலே அடுத்த கசிவின் வழியாகிவிடும். மரச் சுத்தியலாலோ ரப்பர் சுத்தியலாலோ பக்கவாட்டில் தட்டினால் வந்துவிடும். திறந்ததும் உள்ளே எதுவும் விழாதபடி சுத்தமான துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. வேலையின் முக்கால் பங்கு இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பழைய கேஸ்கெட்டின் எச்சங்களைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்புப் பிளேடு அலுமினியத்தைக் கீறும். டிரில்லில் மாட்டிச் சுழற்றும் தேய்ப்பு வட்டுகளைத் திறந்த எஞ்சினுக்கு அருகே கொண்டுவராதீர்கள். அவற்றிலிருந்து உதிரும் நுண்துகள் ஆயிலில் கலந்து பேரிங்குகளை அரித்துவிடும். மிகப் பழைய எஞ்சினாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அக்காலக் கேஸ்கெட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டி, துணியோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ பிரேக் கிளீனரோ நனைத்த துணியால் இரண்டு பரப்புகளையும் துடையுங்கள். துணியில் கறை வருவது நிற்கும்வரை. பிறகு விரலால் தொடாதீர்கள். ஆயில் படலம் இருக்கும் இடத்தில் சிலிகான் ஒட்டாது, எத்தனை விலையுயர்ந்த டியூபாக இருந்தாலும். தகட்டுக் கவரில் போல்ட் துளைகள் குழிந்திருந்தால், உட்புறத்திலிருந்து ஒரு மரத்துண்டின் மேல் வைத்து மெதுவாகத் தட்டிச் சமமாக்குங்கள்.

இப்போது பழைய கேஸ்கெட்டைப் பாருங்கள். அது அச்சில் வார்த்த ரப்பராக இருந்து, ஓர் இடத்தில் மட்டும் அறுந்திருந்தால் அதையே திரும்பப் பயன்படுத்தலாம். கவரின் பள்ளத்தில் உட்காரவைத்து, அறுந்த இடத்தில் ஒரு சொட்டுப் பேஸ்ட். ஹெட்டும் டைமிங் கவரும் சேரும் மூலைகளிலும் அரைவட்ட வளைவுகளின் நுனிகளிலும் ஒவ்வொரு சொட்டு. அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். ரப்பர் முழுவதும் பேஸ்ட் பூசினால் அது வழுக்கி, இறுக்கும்போது பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்துவிடும். கார்க் கேஸ்கெட் உலர்ந்து சுருங்கித் துளைகளோடு பொருந்தாமல் போயிருந்தால் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள், கார்க் உப்பித் தன் அளவுக்குத் திரும்பும். பிறகு துடைத்து உலரவிட்டு, கவர் பக்கம் மட்டும் மெல்லிய பேஸ்ட் பூசி ஒட்டிக்கொள்ளலாம். ரப்பர் முழுவதும் இறுகி, வளைத்தால் ஒடியும் நிலைக்கு வந்திருந்தால் அதை மறந்துவிட்டுச் சிலிகானை மட்டுமே கேஸ்கெட்டாக்க வேண்டியதுதான்.

அந்தச் சிலிகானைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். எஞ்சினுக்கென்று விற்கும் ஆர்.டி.வி. (அறை வெப்பத்திலேயே இறுகும்) சிலிகான், ஆக்சிஜன் சென்சாருக்குப் பாதிப்பில்லை என்று டியூபிலேயே அச்சிட்டிருப்பது, இதுதான் வேண்டும். குளியலறைக்கும் ஜன்னலுக்கும் பயன்படுத்தும் சாதாரணச் சிலிகானில் காடி வாசனை அடிக்கும். இறுகும்போது அது விடும் அசெட்டிக் அமிலம் உலோகத்தை அரிக்கும். அதன் ஆவி எரிப்பறைக்குப் போனால் ஆக்சிஜன் சென்சார் கெட்டுப்போகும். ஆயிலில் நெடுநாள் நனைந்திருக்கவும் அதனால் முடியாது.

பேஸ்ட்டை 2 முதல் 3 மி.மீ. தடிப்பில், எங்கும் அறுபடாத ஒரே கோடாக இடுங்கள். போல்ட் துளைகள் வரும் இடத்தில் கோடு துளையின் உட்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும், இல்லையென்றால் ஆயில் போல்ட்டின் மரை வழியாக ஏறி வெளியே வரும். பள்ளம் உள்ள கவரில், பள்ளம் நிரம்பி விளிம்புக்கு மேலும் 2 மி.மீ. எழும்பி நிற்கும் அளவு இடுங்கள். பேஸ்ட்டின் மேல் ஆடை படிவதற்குள், அதாவது பத்து நிமிடத்துக்குள், கவரை நேராக மேலிருந்து வையுங்கள். வைத்த பிறகு நகர்த்தாதீர்கள். போல்ட்களை விரலால் மட்டும் இறுக்கி, ஓரத்தில் பேஸ்ட் லேசாகத் தலைகாட்டியதும் நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் கழித்து, நடுவிலிருந்து வெளிநோக்கி முழு அளவுக்கு இறுக்குங்கள். இந்த இடைவெளி முக்கியம்: ஈரமாக இருக்கும்போதே முழுதும் இறுக்கினால் பேஸ்ட் எல்லாம் பிதுங்கிவிடும், நடுவில் ஒன்றும் மிஞ்சாது. எஞ்சினைக் கிளப்ப 24 மணி நேரம் பொறுத்திருங்கள். இந்தச் சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. குளிர்ந்த, வறண்ட காற்றில் இன்னும் தாமதமாகும். ஹேர் டிரையர் வைத்து விரைவுபடுத்த முயலாதீர்கள், மேலே மட்டும் இறுகி உள்ளே ஈரமாகவே இருக்கும்.

பேஸ்ட்டை அள்ளி அப்புவதால் நல்ல அடைப்புக் கிடைக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெளியே எவ்வளவு பிதுங்கித் தெரிகிறதோ அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது. அந்த நாடா அறுந்து ஆயிலோடு சம்ப்புக்குப் போய், ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் ஒட்டிக்கொண்டால் ஆயில் அழுத்தம் விழும், பேரிங்குகள் உருகும். சொட்டுச்சொட்டாகக் கசிந்த ஆயிலை நிறுத்தப்போய் எஞ்சினையே இழப்பது இப்படித்தான்.

சம்ப் கேஸ்கெட்டுக்கும் இதே முறைதான். கூடுதலாக இரண்டு விஷயங்கள். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கவே கூடாது. ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கட்டை, கை பிரேக் மூன்றும் இருந்தால் மட்டுமே இறங்குங்கள். ஆயிலை வடித்த பிறகும் சில மணி நேரம் மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டும் பரப்பில் பேஸ்ட் ஒட்டாது என்பதால் இரவு முழுவதும் வடியவிட்டுக் காலையில் துடைத்து ஆரம்பிப்பது நல்லது. கழற்றாமலே வெளியிலிருந்து பூசி அடைக்கலாமா என்று கேட்டால், மணிக்கு ஓரிரு சொட்டுக் கசிவுக்கு, ஆயிலை வடித்துவிட்டு ஓரத்தை நன்றாகச் சுத்தம் செய்து பூசினால் சில நாட்கள் நிற்கலாம். நான் அதை நம்பி நீண்ட பயணம் போகமாட்டேன். உள்ளிருந்து வரும் ஆயில் பேஸ்ட்டை உலோகத்திலிருந்து உரித்துக்கொண்டே இருக்கும்.

தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்ப், சில பக்கவாட்டுக் கவர்கள் போன்ற தட்டையான இணைப்புகளுக்குக் கேஸ்கெட் பேப்பரை வாங்கி நீங்களே வெட்டிக்கொள்ளலாம். கையில் செய்யும் இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. பழைய கேஸ்கெட்டின் நசுங்காத ஓர் ஓரத்தை அளந்து அதே தடிப்பில் தாளைத் தேர்ந்தெடுங்கள். கழற்றிய கவரின் விளிம்பில் கிரீஸை மெல்லியதாகத் தடவித் தாளின் மேல் அழுத்தினால் உருவம் பதியும். முதலில் எதிரெதிரான இரண்டு போல்ட் துளைகளைப் பஞ்ச் செய்து, போல்ட்களை நுழைத்துத் தாளை நிலையாக நிறுத்துங்கள், பிறகு மற்றத் துளைகள். துளைகளைப் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக வைத்தால் தாள் சுருங்கினாலும் பொருந்தும். உள் உருவத்தை முதலிலும் வெளி விளிம்பைக் கடைசியிலும் வெட்டுங்கள். வெளி விளிம்பை முதலில் வெட்டிவிட்டால் பிடித்து வேலை செய்யத் தாள் நிற்காது. கேஸ்கெட் பேப்பர் கிடைக்காத அவசரத்தில், மடிப்புகள் இல்லாத கெட்டியான அட்டையை ஆயிலில் ஊறவைத்து, ஆயில் பக்கத்துக் கவர்களுக்கு மட்டும் சில நாட்கள் பயன்படுத்தலாம். கூலன்ட் பக்கத்தில் வேண்டாம், ஊறிக் கூழாகிவிடும்.

கேஸ்கெட்டின் தடிப்பே ஓர் அளவாக இருக்கும் இடங்களில் இந்தக் கைவேலையைச் செய்யாதீர்கள். இருசக்கர வண்டிகளில் சிலிண்டருக்கு அடியில் வரும் பேஸ் கேஸ்கெட் அப்படிப்பட்டது. அதன் தடிப்பு மாறினால் கம்ப்ரஷன் மாறும், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறும். ஆயில் பம்ப் மூடியின் கேஸ்கெட்டும் அதே வகை.

எரிபொருள் வழியில் உள்ள எந்தக் கேஸ்கெட்டையும் சிலிகானால் அடைக்காதீர்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் அது பெட்ரோலை உறிஞ்சி உப்பி, துண்டு துண்டாகி ஜெட்டில் போய் அடைக்கும். பெட்ரோல் கசிந்தால் வண்டியை ஓட்டக் கூடாது, இதில் தற்காலிகம் என்று ஒன்று இல்லை. எரிந்த வாயுவை எஞ்சினிலிருந்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டுக்கு உயர்வெப்பப் பசை கிடைக்கிறது. சில நாட்கள் சத்தத்தைக் குறைக்கும். ஆனால் அங்கே கசிவது கார்பன் மோனாக்சைடு, அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடாதீர்கள், வண்டியின் ஜன்னல்களைத் திறந்து ஓட்டுங்கள், சீக்கிரம் மாற்றிவிடுங்கள். ஆயில் கசிந்து எக்ஸாஸ்ட் மேல் சொட்டுகிறது என்றாலும் அடைக்கும்வரை ஓட்டாதீர்கள். பாரம் ஏறும்போது அந்தக் குழாய் 500 டிகிரியையும் தாண்டும். ஆயில் தீப்பிடிக்க அது போதும்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு வருகிறேன். இதற்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: கூலன்ட்டில் ஊற்றும் சீலர். இவற்றில் பலவற்றின் அடிப்படை சோடியம் சிலிகேட், நீர்க்கண்ணாடி என்றும் சொல்வார்கள். கூலன்ட்டோடு சுற்றிவரும் அது, கசிவின் வழியாகக் கடும் வெப்பத்தைச் சந்திக்கும் இடத்தில் நீரை இழந்து கண்ணாடிபோல் இறுகி அடைத்துக்கொள்கிறது. கூலன்ட் வழிக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள சிறிய கசிவில், எஞ்சின் அதிகம் சூடேறிப் பாழாகாத நிலையில், இது வேலை செய்வது உண்டு. சில வாரங்கள், சில சமயம் அதற்கும் மேல். ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிட்டிருந்தால் பயனில்லை. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருந்தாலும், ஹெட் வளைந்திருந்தாலும் பயனில்லை.

வாங்கினால் லேபிளில் உள்ளதை அப்படியே பின்பற்றுங்கள், ஏனென்றால் ரகத்துக்கு ரகம் முறை மாறும். சோடியம் சிலிகேட் வகைகளில் பல, எத்திலீன் கிளைகால் உள்ள கூலன்ட்டோடு சேர்ந்தால் கூழாகத் திரண்டுவிடும். அதனால் பழைய கூலன்ட்டை முழுதும் வடித்து, வெறும் தண்ணீரால் அலசி, தண்ணீர் நிரப்பிய பிறகே ஊற்றச் சொல்வார்கள். உள்ளே வெப்பக்காற்றுத் தரும் ஹீட்டரை முழுதாகத் திறந்துவைக்கச் சொல்லும் ரகங்கள் உண்டு. அதன் வழியை மூடிவிடச் சொல்பவையும் உண்டு. ஊற்றிய பிறகு குறிப்பிட்ட நேரம் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்து, ஆறவிட்டு, சிலவற்றில் வடித்து ஒரு நாள் உலரவும் விட வேண்டும். இதற்கு ஒரு விலையும் உண்டு: கசிவை அடைக்கும் அதே பொருள், ரேடியேட்டரின் குறுகிய வழிகளையும் ஹீட்டரையும் கொஞ்சம் அடைக்கலாம். இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்க நினைக்கும் வண்டி என்றால், சீலர் ஊற்றாமல் நேராக மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போவதையே நான் சொல்வேன்.

சீலரைத் தவறுதலாகக்கூட ஆயிலில் ஊற்றிவிடாதீர்கள். 2009-இல் அமெரிக்க அரசு பழைய கார்களை வாங்கி ஒழிக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. அந்த எஞ்சின்கள் மறுபடி ஓடவே கூடாது என்பதற்காக, ஆயிலை வடித்துவிட்டு 40 சதவீத சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டார்கள். சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். கூலன்ட் வழியில் உதவியாக இருக்கும் பொருள் ஆயில் வழியில் எஞ்சினைக் கொல்லவே பயன்பட்டது.

டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்போல இருந்தால் எஞ்சினைக் கிளப்பாதீர்கள். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளில் படலமாக நிற்காது; பக்கத்துத் தெருவரை என்று ஓட்டியதிலேயே கிராங்க் ஷாஃப்ட் கீறிப்போகும். ஸ்டார்ட் செய்யும்போது ‘டக்’ என்று முட்டி நின்றால் மறுபடி மறுபடி முயலவும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கலாம். தண்ணீரை நசுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்த நிலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் எஞ்சினைச் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

எந்தத் தற்காலிக அடைப்போடும் ஓட்டும் நாட்களில் சில ஒழுங்குகள் வேண்டும். முதல் நாள் ஒரு சிறு சுற்று ஓட்டிவந்து, அடியில் அட்டையை விரித்து இரவு முழுவதும் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் டிப் ஸ்டிக்கையும் கூலன்ட் அளவையும் பாருங்கள். அதிவேகம், அதிகப் பாரம், நீண்ட மேடு மூன்றும் வேண்டாம். வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் ஹீட்டரை முழுச்சூட்டில் திறந்துவிட்டு, பாதுகாப்பான இடம் கிடைத்ததும் அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள்: உள்ளே இருப்பது அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் நீர், மூடி தளர்ந்த நொடியில் அதில் ஒரு பகுதி நீராவியாகி, கொதிநீரோடு பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். நன்றாக ஆறிய பிறகே திறக்கலாம், ஆறாத எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழவும் கூடும்.

வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், குழந்தைகளும் வாயில் வைக்கலாம். சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கொன்றுவிடும். மூடியுள்ள கலனில் ஊற்றிப் பெயர் எழுதி, பழைய ஆயிலோடு கலக்காமல், இரண்டையும் தனித்தனியாகக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் கொட்ட வேண்டாம்.

புதிய கேஸ்கெட் வந்து மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது, எந்தப் பேஸ்ட்டை எங்கே தடவினீர்கள், கூலன்ட்டில் என்ன ஊற்றினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சிலிகான் எச்சத்தின் மேல் புதிய கேஸ்கெட் சரியாக உட்காராது; சீலர் போட்டிருந்தால் ரேடியேட்டரை அலச வேண்டும், தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும்; பேஸ்ட் தாராளமாகப் போயிருந்தால் சம்ப்பைக் கழற்றும் வாய்ப்பில் உறிஞ்சு வலையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஹெட் கேஸ்கெட் என்றால், ஹெட்டின் தட்டைத்தன்மையை நேர்விளிம்பு வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான், அதற்குமேல் போனால் கடைந்து சமமாக்கிய பிறகே மாட்ட வேண்டும். இறுக்கும்போது நீளும்படி வடிவமைத்த ஹெட் போல்ட்களை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. உங்கள் எஞ்சினில் இருப்பவை அந்த வகையா என்று கையேட்டில் பார்த்து, கேஸ்கெட்டுக்குச் சொல்லும்போதே புதிய போல்ட்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.